கடாரத்துக் கற்களும் நம் பள்ளிப் பிள்ளைகளும்



ஜார்ஜ்டவுனிலிருந்து காலையில் புறப்படும் பள்ளிப் பேருந்து, பாலத்தைக் கடந்து, சுங்கைப்பட்டாணி வழியாக, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மெர்போக்கை அடைந்துவிடும். அங்கே குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓடையோரமாக, பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பின்னர், பினாங்குத் தமிழ்ப்பள்ளிகள் அழைக்கும் போதெல்லாம் நாம் அந்தப் பேருந்தில் ஏறிக்கொள்வது வழக்கமாயிற்று. பிள்ளைகளுக்கு அது உல்லாசப் பயணம். ஆசிரியர்களுக்கு ஓயாத தலைகணக்கு. நமக்கோ, ஐம்பது ஆண்டுகளாக ஏட்டில் படித்த எழுத்துகளைக் கல்லில் மீண்டும் காணும் வாய்ப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பயணம் ஒன்றில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுத்துப் பொறித்த கல்லின் முன் நெடுநேரம் நின்றான். பிறகு திரும்பி, “ஐயா, இதுல தமிழ் எங்க இருக்கு?” என்று கேட்டான். நாம் வாய் திறப்பதற்குள் உடன் வந்த ஆசிரியர், “எல்லாமே நம்ம எழுத்துதான்டா. ராஜேந்திர சோழன் கொண்டுவந்தது” என்று சொல்லி, அடுத்த கூடத்துக்கு வரிசையை நகர்த்திவிட்டார். பையன் மறுபடியும் கல்லைப் பார்த்தான். தன் எழுத்து என்று சொல்லப்பட்டதில் ஓர் எழுத்தைக்கூட அவனால் படிக்க இயலவில்லை. நாமும் பேசாமல் நகர்ந்தோம். நல்ல மனிதரைப் பிள்ளைகள் முன் திருத்துவது முறையன்று எனக் கருதினோம். அந்தப் பேசாமையின் கடனைத் தீர்ப்பதற்கே இன்றைய சொற்பொழிவு.

ஆசிரியரின் விடையில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று காலம் பற்றியது. இராஜேந்திரனின் கடற்படை கடாரத்தின்மீது சென்றது 1025ஆம் ஆண்டளவில். இப்பகுதியின் பழைய கல்வெட்டுகளோ அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மற்றொன்று மொழி பற்றியது. கெடாவிலும் செபராங் பிறையிலும் கிடைத்த அந்தப் பழங்கற்களின் மொழி தமிழன்று, சமற்கிருதம். இவ்வுண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் ஊக்கம் குன்றிவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். நாம் கண்டவரை அவ்வாறு நேர்வதில்லை.

கற்களின் கதையைச் சற்றே விரிவாகப் பார்ப்போம். கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்தலைவராகவும் அலுவலராகவும் இங்கிருந்த ஜேம்ஸ் லோ, 1834ஆம் ஆண்டில் செபராங் பிறையின் வடபகுதியில், இடிந்த கட்டடம் ஒன்றன் அருகில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். அதன் நடுவில் அடுக்குக் குடைகளோடு ஒரு தூபியின் உருவம். அதைச் சுற்றிலும் எழுத்துகள். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அப்பலகை, புத்தகுப்தன் என்னும் மகாநாவிகனுடையது; அதாவது ஒரு பெருங்கப்பல் தலைவனுடையது. அவன் இரத்தமிருத்திகை என்னும் ஊரினன். செம்மண் எனப் பொருள்படும் அவ்வூரை வங்காளத்து முர்சிதாபாத் பகுதியில் வைத்துக் காண்பார் பலர். பௌத்தச் செய்யுள் ஒன்றும், கடற்பயணம் நலமுற முடியவேண்டும் என்னும் வேண்டுதலும் அதில் உள்ளன. பலகை இன்று கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வங்கத்து மாலுமி; சமற்கிருத மொழி; மலாய் மண்; எழுத்து மட்டும் தென்னாட்டுப் பிராமியின் வழிவந்தது. இந்த நான்கையும் ஒரே கல்லில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, ஒரு மொழியியல் வகுப்பு முழுவதும் கால்மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எழுத்து வேறு, மொழி வேறு. பல்கலைக்கழக மாணவர்களுக்கே இதை உணர்த்த நாம் பாடுபட்ட ஆண்டுகள் உண்டு. ஆனால் மலேசியப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: “மலாய் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறோம். அதனால் மலாய் ஆங்கிலமாகிவிடுமா?” உடனே சிரிப்பு எழும். “அதே மொழியை ஜாவியிலும் எழுதுகிறார்களே?” என்றால் தலையசைப்பார்கள். பிறகு, பலெம்பாங்கிற்கு அருகில் கெடுக்கான் புக்கிட்டில் கிடைத்த 683ஆம் ஆண்டுக் கல்வெட்டைச் சொல்வோம். பழைய மலாய் மொழியின் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகிய அதுவும், பல்லவ எழுத்து எனப்படும் அதே தென்னாட்டு மரபில் எழுதப்பட்டதுதான். சாவகத்தின் காவி எழுத்தும் கெமர் எழுத்தும் இந்த மரபில் கிளைத்தவை. ஆகவே அந்தப் பையனின் ஆசிரியர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கவே செய்தது. கல்லின் எழுத்து நம் எழுத்துக்கு உறவு. அதே அளவுக்கு மலாயர்க்கும் கெமரியர்க்கும் உறவு. உறவு என்பதை உடைமை என்று சொன்ன இடத்தில்தான் தவறினார்.

“அப்படியானால் தமிழ்க்கல்லே இல்லையா?” என்ற கேள்வி எப்போதும் வரும். உண்டு. ஆனால் மெர்போக்கில் அன்று, இன்னும் வடக்கே, இன்று தாய்லாந்தாக இருக்கும் கரையோரத்தில். அங்கே கிராபி மாநிலத்துக் குளோங் தோமில், குவான் லுக் பாட் என்னுமிடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் உரைகல் அது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிராமியில், ‘பெரும்பதன் கல்’ என்று அதில் பொறித்திருக்கிறது. பெரும்பதன் என்னும் பொற்கொல்லனின் கல் என்பதே பொருள். நம் வீட்டுப் பிள்ளைகள் அழிப்பானில் பெயர் எழுதி வைப்பதைப் போன்ற செயல். அவ்வளவுதான். அதன் வடக்கே தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதன் காவலை ஏற்ற மணிக்கிராமத்தாரையும் குறிப்பது. கடல் தாண்டிச் சுமத்திராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டினதான ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு. தட்டானின் உரைகல், வணிகர் காத்த குளம், வணிகக் குழுவின் ஏற்பாடு: தமிழ் இக்கடற்பகுதியில் எழுதப்பட்ட வரலாறு பெரிதும் இப்படிப்பட்ட தொழிலாளரின், வணிகரின் வரலாறு.

உரைகல்லைப் பற்றிப் பேசும்போது நாம் தவறாமல் ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்வோம். மலாய் மொழியில் தரம் என்பதற்கு ‘மூத்து’ என்பார்கள். பிள்ளைகள் நாள்தோறும் விளம்பரத்தில் காணும் சொல். பொன்னின் தரத்தைக் குறித்த நம் ‘மாற்று’ என்னும் சொல்லே அங்ஙனம் ஆயிற்று என்பது அகராதியாளர் கொள்கை. கடை ‘கெடாய்’ ஆனதையும், கப்பல் ‘காப்பால்’ ஆனதையும், பெட்டி ‘பெத்தி’ ஆனதையும் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துக் கூவுவார்கள். ‘மூத்து’ மட்டும் அவர்களுக்குப் புதிதாக இருக்கும். கற்களைவிடச் சொற்கள் நெடுந்தொலைவு செல்கின்றன. அவற்றைத் தோண்டி எடுக்க மண்வெட்டியும் வேண்டியதில்லை.

இனிக் கடாரம் என்னும் பெயர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பது கடாரம் என உரை வரைந்தார் நச்சினார்க்கினியர். சமற்கிருதத்தில் கடாகம், 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழியே சென்ற சீனத் துறவி இத்சிங்கின் குறிப்பில் சீன ஒலிக்கேற்பத் திரிந்த வடிவம், சோழர் கல்வெட்டுகளில் கடாரம், கிடாரம், இன்று கெடா. கடாரம் என்றால் தமிழில் பெருங்கொப்பரை என்றும் பொருள் உண்டு. வடமொழிக் கடாகத்துக்கும் அதுவே பொருள். இதைக் கொண்டு, ஊரே கொப்பரை வடிவில் இருந்ததாகச் சிலர் கதை கட்டுவர். ஊர்ப்பெயரைக் கேட்ட அயலார் தம் மொழியில் பொருள்படும் சொல்லாக அதை மாற்றிக்கொள்வது உலகெங்கும் நிகழ்வது. ஆகவே அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம் என்பது நம் கருத்து.

அறிஞர்களும் இப்பெயரில் இடறியவர்கள்தாம். கடாரம் பர்மாவின் பெகுப் பகுதியில் இருந்தது என்று ஒரு காலத்தில் பலரும் நம்பினார்கள். அங்கே கிடைத்த இரண்டு கருங்கல் தூண்களை இராஜேந்திரனின் வெற்றித் தூண்கள் என்று அறிவித்ததும் உண்டு. 1918ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழோர்ழ் சேதேஸ் சிரீவிசயம் பற்றிய ஆய்வை வெளியிட்ட பின்னரே கடாரம் கெடாவில் நிலைபெற்றது. இதைச் சொன்னவுடன் ஒரு மாணவி, “அப்ப அந்தத் தூண் யாருதுங்கய்யா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. தூணில் பெயர் இல்லையெனில் அதற்குப் பெயர் சூட்ட விரைபவரே பெரும்பாலும் பிழை செய்கிறார்.

இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி இக்கடற்பகுதியில் பதின்மூன்று இடப்பெயர்களை அடுக்குகிறது. அவற்றுள் கடாரமும் ஒன்று. அதே கடாரத்து அரசமரபு, அதற்கு ஓரிருபது ஆண்டுகளுக்கு முன், நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எடுத்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கியவன் இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன். படையெடுப்பை மட்டும் சொல்லி விகாரத்தை விட்டுவிடுவது பாதிப் பாடம். தந்தை நிலம் கொடுத்த அரசர்மீது மகன் ஏன் கப்பல் அனுப்பினான் என்னும் கேள்வி, பதினோரு வயதுப் பிள்ளையையும் வணிகவழி, சுங்கம், சீனத் தொடர்பு என்று சிந்திக்கவைக்கும்.

ஆசிரியர் அன்று ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்கவேண்டும். நான்காம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளிகளில் வரலாறு தனிப்பாடம். வரலாற்றுக்கு முந்திய காலத்தையும் தொடக்ககால மலாய் அரசுகளையும் பிள்ளைகள் படிக்கிறார்கள். தம் முன்னோர் பற்றி வீட்டில் கேட்பதோ சஞ்சிக்கூலியும் இரப்பர்த் தோட்டமும். அந்த வரலாறு இழிவானதன்று. ஆனால் அது ஒன்றே வரலாறு எனச் சொல்லப்படும் பிள்ளை, கடாரங்கொண்டான் என்னும் பட்டத்தைக் கேட்டதும் தாவிப் பிடித்துக்கொள்வது இயல்பே. கூலி அல்லது கொற்றவன் என்னும் இரண்டுக்கும் நடுவே பெரும்பதனை நிறுத்துவதே நம் வேலை.

அருங்காட்சியகம் அதற்கு ஏற்ற இடம். 1936–37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இப்பள்ளத்தாக்கில் முப்பது களங்களை எண்ணிட்டுப் பதிந்தார். 1950களின் இறுதியில் அலஸ்டர் லேம்ப் புக்கிட் பத்து பாகாட் சண்டியை அகழ்ந்து, இருந்த இடத்திலேயே மீண்டும் அடுக்கி நிறுத்தினார். அருங்காட்சியகம் 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பெண்டாங் டாலாம் முதலிய வேறு சில சண்டிகளும் அதன் வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டு அடுக்கப்பட்டுள்ளன.

புக்கிட் பத்து பாகாட்டின் மேடையில் ஏறும் தமிழ்ப்பிள்ளைக்கு வழிகாட்டி தேவையில்லை. முன்னே மண்டபம், பின்னே கருவறை, நீர் வெளியேற ஒரு கால்வாய். இவை அவன் வாரந்தோறும் கோயிலில் காண்பவை. கூரை எங்கே என்றுதான் கேட்பான். வட்டமான தூணடிக் கற்களில் உள்ள குழிகளைக் காட்டினால், அவற்றில் மரத்தூண் நின்றிருக்கவேண்டும், மரமும் கூரையும் மழையில் மக்கியிருக்கவேண்டும் என்று தானே சொல்லிவிடுவான். கருவறையின் அடியில் புதைத்து வைத்த கற்பேழைகளைக் காட்சிக்கூடத்தில் பார்த்தபின், ஊரில் குடமுழுக்கின்போது தாத்தா நவமணி வைத்த கதையைச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் இந்த நடையைக் கற்றுக்கொண்டபின், எங்கள் எழுத்து, எங்கள் அரசன் என்று யாரேனும் சொன்னால், “எங்கே எழுதியிருக்கிறது?” என்று அவர்களே கேட்பார்கள்.

சுங்கை பத்து வேறு வகைப் பாடம். 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்து, இரும்புருக்கிய களங்களையும், செங்கல் துறைமேடைகளையும் வெளிக்கொணர்ந்தது. துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் குழாய்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. களத்தின் தொடக்ககாலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆண்டு எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமலிருப்பதே நன்று. குழாயின் முனை ஏன் கண்ணாடிபோல் உருகியிருக்கிறது என்று கேட்டால் போதும். சுங்கை மாசில் கிடைத்த கண்ணாடிப் பாசிமணிகளும் அவ்வாறே. அவை அங்கேயே செய்யப்பட்டவை என்பதும், அவ்வகை மணியின் பழைய உற்பத்திக் களங்களுள் ஒன்று புதுச்சேரிக்கருகே உள்ள அரிக்கமேடு என்பதும், சிறுமியருக்கு உடனே பிடித்துப்போகும் செய்திகள்.

இவ்வளவும் சொல்ல இரண்டு மணி நேரம் வேண்டும். நடைமுறையில் கிடைப்பதோ நாற்பது நிமிடம். நாம் கண்ட ஒரு பயணத்தில், படம் எடுப்பதற்கே அதில் பாதி கழிந்தது. பயிற்றியில் இருந்த பன்னிரண்டு கேள்விகளுக்கும் விடைகள் சுவர்ப்பலகைகளில் இருந்தமையால், பிள்ளைகள் பொருள்களைப் பாராமல் பலகைகளையே பார்த்து எழுதினார்கள். பிறகு அருவியில் குளிக்கப் போனார்கள். அருவி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்றியைத் தயாரிப்பவர்க்கு நம் வேண்டுகோள் ஒன்று: பலகையில் விடை இல்லாத கேள்வி ஒன்றேனும் வேண்டும்.

தொலைவு செல்ல இயலாத பள்ளிகளுக்குப் பினாங்கு மாநிலத்துக்குள்ளேயே களங்கள் உண்டு. கெப்பாலா பத்தாசுக்கருகே குவார் கெப்பாவில், பழங்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பிகள் மேடாகக் குவிந்திருந்தன. 1934ஆம் ஆண்டில் அங்கே அகழப்பட்ட மனித எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனைமங்கலத்துச் செப்பேடும் அதே ஊருக்குப் போய்த்தான் லைடன் செப்பேடு எனப் பெயர் பெற்றது. கடாரக் கரையின் எலும்பும் கடாரத்தைப் பாடும் செப்பேடும் ஒரே டச்சு நகரில் சந்தித்துக்கொண்டது வரலாற்றின் வேடிக்கை. 2017ஆம் ஆண்டில் குவார் கெப்பாவில் ஏறத்தாழ ஐயாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு கிடைத்தது. பினாங்குப் பெண் என்று அவளை அழைக்கிறார்கள். அவள் எம்மொழி பேசினாள் என்று கேட்காத பிள்ளை இல்லை. எலும்பு பேசாது என்பதே மொழியியலாளரின் விடை.

புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்தில் உள்ள செரோக் தோக் குன் பாறையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜூலைத் திருவிழாவுக்கு நம்மவரில் பல குடும்பங்கள் அங்கே போகின்றன. மெழுகுவத்தி ஏற்றித் திரும்பும் வழியில், தென்னாட்டு எழுத்துப் பொறித்த ஒரு பாறை நிற்பதைப் பெரும்பாலோர் அறியார்.

அறியாமைக்கு விலை உண்டு. 2013ஆம் ஆண்டில், வேல்ஸ் எண்ணிட்ட களங்களுள் ஒன்றாகிய 11ஆம் எண் சண்டி, வீடமைப்புப் பணிக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது. செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் வருத்தமும் சினமும் எழுந்தன. நம் பேருந்துகள் அந்தப் பகுதி வழியாகவே பன்முறை போயிருக்கும். ஒருமுறையேனும் நிறுத்திக் காட்டியிருந்தோமா? இல்லை. அருங்காட்சியக வாயிலுக்குள் இருப்பதே வரலாறு என்று பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்தோம்.

ஜார்ஜ்டவுனுக்குள் வந்தால், ஃபார்க்குவார் தெருவின் அருங்காட்சியகக் கட்டடமே ஒரு காட்சிப்பொருள். 1816ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூல் 1821 முதல் அந்த இடத்தில் இயங்கியது; 1965ஆம் ஆண்டில் அங்கே மாநில அருங்காட்சியகம் வந்தது. அந்தப் பள்ளியின் தொடக்ககாலத் தமிழ் வகுப்பிலிருந்தே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வயதை எண்ணி, 2016ஆம் ஆண்டில் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். கூடத்துக்குள் போகுமுன், வாயிலில் நின்று இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

சென்ற முறை மெர்போக் சென்றபோது, கண்ணாடித்தாளில் தமிழ்ப் பிராமி எழுத்துகளை வரைந்து, நேரான இக்கால எழுத்தை அருகில் எழுதி எடுத்துப் போனோம். கூடவே, குளோங் தோம் உரைகல்லின் படம். மதிய உணவு முடிந்து, நாசி லெமாக் பொட்டலங்களைச் சுருட்டி எறிந்துவிட்டு, மரநிழலில் உட்கார்ந்த பிள்ளைகள் தாளைப் படத்தோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினார்கள். ‘பெ’ முதலில் அகப்பட்டது. ‘ரு’வில் சண்டை வந்தது. கடைசிச் சொல்லாகிய ‘கல்’லை ஒரே குரலில் படித்தார்கள். பத்து நிமிடத்தில் முழுவதும் முடிந்தது.

“பெரும்பதன் எந்த ஊருங்கய்யா?” என்று கேட்டாள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி.

“கல்லில் என்ன எழுதியிருக்கிறது?” என்றோம்.

மறுபடியும் படத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு பயிற்றியில், பெயர் என்ற இடத்தில் பெரும்பதன் என்றும், தொழில் என்ற இடத்தில் தட்டார் என்றும் எழுதினாள். ஊர் என்ற இடத்தில், கல்லில் இல்லை என்று எழுதிவிட்டு, பேருந்துக்கு ஓடினாள்.